என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் லாகில் ரிக்வெஸ்ட் டைம் 4 நொடி, அப்ஸ்ட்ரீம் (பின்னால் ஆப் ஓடும் சர்வர், அதாவது பேக்எண்ட்) டைம் 0.08 நொடி. மீதி நேரம் எங்கே போனது?

பெரும்பாலும் பயனரின் இணைப்பில். (மாறிகளின் பெயரை இங்கே தமிழில் எழுதுகிறேன், கோப்பில் ஆங்கில எழுத்துதான்.)

$ரிக்வெஸ்ட்_டைம், பிரவுசரிடமிருந்து முதல் பைட் வந்ததும் ஓடத் தொடங்கும். பதிலின் கடைசி பைட்டை அனுப்பி லாக் எழுதும்போதுதான் நிற்கும். $அப்ஸ்ட்ரீம்_ரெஸ்பான்ஸ்_டைம் பேக்எண்டோடு பேசிய நேரம் மட்டுமே. ப்ராக்ஸி பஃபரிங் (பேக்எண்டின் பதிலைத் தன்னிடம் சேர்த்து வைப்பது) இயல்பாகவே ஆனில் இருப்பதால், என்ஜின்எக்ஸ் பதிலைச் சட்டென வாங்கி வைத்துக்கொண்டு மெதுவான மொபைலுக்குச் சொட்டுச் சொட்டாக அனுப்பும். பெரிய கோப்பை அப்லோட் செய்தாலும் இதே கதை: முழுக்க வந்து சேர்ந்த பிறகுதான் பேக்எண்டுக்குப் போகும். $பாடி_பைட்ஸ்_சென்ட், $ரிக்வெஸ்ட்_லெங்த் இரண்டையும் லாகில் சேர்த்தால் எது என்று தெரியும். இரண்டுமே சிறியதா? ரிக்வெஸ்ட் வேகத்துக்கு வரம்பு போடும் லிமிட்_ரெக் வரிசையில் நிறுத்தி வைக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கமான கம்பைண்ட் ஃபார்மேட்டில் இந்த நேரங்கள் எதுவும் வராது. ஹெச்டிடிபி பிளாக்கில் புது லாக்_ஃபார்மேட் எழுதி, அதன் பெயரை அக்சஸ்_லாக் வரியிலும் கொடுக்க வேண்டும். பலர் விடுவது இந்த இரண்டாவதைத்தான். அப்ஸ்ட்ரீம் மதிப்புகளை மேற்கோளுக்குள் வையுங்கள். ஒரு சர்வர் தோற்று அடுத்ததற்குப் போனால் "60.001, 0.120" என்று வரும், ஸ்டாட்டிக் கோப்பு என்றால் வெறும் "-". எண் என்று நம்பி, லாகை அலச எழுதிய ஆக் (awk) ஸ்கிரிப்ட் இங்கேதான் தடுமாறும்.

$அப்ஸ்ட்ரீம்_கனெக்ட்_டைம், $அப்ஸ்ட்ரீம்_ஹெடர்_டைம் இரண்டையும் கட்டாயம் சேருங்கள். கனெக்ட் 0.000, ஹெடர் 3 நொடி, ஆனால் ஆப்பின் சொந்த லாகோ 50 மில்லிநொடி என்கிறதா? ஜியூனிகார்ன் போன்ற ஆப் சர்வர்களில் எல்லா ஒர்க்கரும் (ரிக்வெஸ்டைக் கையாளும் புராசஸ்) வேலையாக இருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். இணைப்பை கெர்னல் உடனே ஏற்று வரிசையில் வைத்துவிடுகிறது. அந்தக் காத்திருப்பு ஆப்புக்குத் தெரியாது. ஆப்பின் நிரலை நோண்டிப் பயனில்லை, ஒர்க்கர் எண்ணிக்கையைப் பாருங்கள்.

சிறிய பதில்களில் ரிக்வெஸ்ட் டைம் குறைவாக இருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். கெர்னலின் சாக்கெட் பஃபரில் போட்டதுமே என்ஜின்எக்ஸ் கணக்கை முடித்துவிடும்; பயனரிடம் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. 499 (பதில் வருமுன் பயனர் இணைப்பை மூடிவிட்டார்) என்ற ஸ்டேட்டஸ் வரிகளைத் தனியே பிரியுங்கள்: அது பயனர் பொறுமையிழந்து கிளம்பிய நேரம், பேக்எண்ட் முடித்த நேரமல்ல.

அப்பாச்சி வெப் சர்வர் என்றால் %D (T அல்ல) மொத்த நேரத்தை மைக்ரோநொடியில் தரும். அதை மில்லிநொடி என்று படித்துப் பதறாதீர்கள்.