ஒரு சொட்டுக்கே ஏன் புரையேறுகிறது?

கேள்வி: தண்ணீர் குடிக்கும்போது ஒரு சொட்டு வழிமாறினால்கூடப் புரையேறி இருமல் வந்துவிடுகிறதே, அத்தனை சிறிய அளவை உடல் எப்படிக் கண்டுகொள்கிறது?

பதில்: குரல்வளையின் உட்பரப்பில் நெருக்கமாகப் பரவியிருக்கும் உணர்வு நரம்பு முனைகளே அதைக் கண்டுகொள்கின்றன. மூளைத்தண்டிலிருந்து தொண்டை, மார்பு, வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பின் கிளைகளைச் சேர்ந்த இவை, நீர்த்துளியோ உணவுத் துணுக்கோ பட்டவுடன் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, நாம் யோசிப்பதற்கு முன்பே குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. மார்பு, வயிற்றுத் தசைகள் சுருங்கி உள்ளே அழுத்தத்தைக் கூட்டியபின் குரல்நாண்கள் சட்டெனத் திறக்க, சீறி வெளியேறும் காற்று அந்தத் துளியை அடித்துச் செல்கிறது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலும் இத்தகைய முனைகள் மிகுதி.

தொடுதலை உணரும் நரம்பிழைகளோடு, புகை, நெடி போன்றவற்றை உணரும் மெல்லிய ‘சி’ வகை இழைகளும் உண்டு. மிளகாய் நெடிக்கு நாம் இருமுவது, இவற்றிலுள்ள, காரத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற புரதத்தால்தான். (இப்புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) சளிக்காய்ச்சலுக்குப் பின் இந்நரம்புகள் மிகைக் கூருணர்வு அடைவதால், கிருமி நீங்கிய பிறகும் வறட்டு இருமல் சில வாரங்கள் நீடிப்பதுண்டு.

என்னைக் கேட்டால், இருமல் வருவதைவிட வர வேண்டிய நேரத்தில் வராமல் போவதே அஞ்சத்தக்கது. பக்கவாதத்தால் தொண்டையின் உணர்வு மங்கியவர்களுக்கு உணவும் உமிழ்நீரும் ஓசையின்றி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும். தொண்டையை மரத்துப்போகச் செய்து பரிசோதித்தபின், உணர்வு திரும்பும்வரை எதையும் உண்ணவோ பருகவோ கூடாது என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதும் இதனால்தான்.