பள்ளிக் கட்டணம் மிச்சம், ஆனால் கையில் காசில்லை

கேள்வி: 9, 12 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைத்து மூன்று ஆண்டாகிறது. ஆண்டுக்கு ஒரு நீண்ட பயணம் போகிறோம். வரலாறு, புவியியல் எல்லாம் அதில்தான். ஒவ்வொரு பயணத்துக்கும் 3 லட்சம் தனிநபர் கடன், 16 சதவீத வட்டி, 36 மாதத் தவணை. பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 2.4 லட்சம் மிச்சமாகிறதே, அதில் கட்டிவிடலாம் என்று நினைத்தோம். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. நான் வேலையையும் விட்டுவிட்டேன். 25 ஆண்டு விடுமுறை உறுப்பினர் திட்டத்தில் (முன்கூட்டியே பணம் கட்டி, ஆண்டுதோறும் அவர்களுடைய விடுதிகளில் தங்கும் திட்டம்) சேர்ந்தால் செலவு குறையும் என்கிறார்கள். போன வாரம் முன்பணமும் கொடுத்தோம். சரிதானா?

பதில்: வீட்டுக் கல்வி உங்களைக் கடனில் தள்ளவில்லை. முந்தைய பயணத்தின் கடன் முடியும் முன்பே அடுத்த பயணத்துக்குக் கடன் வாங்குகிறீர்களே, அந்தப் பழக்கம்தான் தள்ளுகிறது.

ஒரு கடனுக்கு மாதத் தவணை சுமார் 10,550 வரும். தவணைக் காலம் மூன்று ஆண்டு, பயணமோ ஆண்டுக்கு ஒன்று. ஆகவே இப்போது மூன்று தவணைகள் சேர்ந்து ஓடுகின்றன: மாதம் 31,650. பள்ளிக் கட்டணத்தில் மிச்சமாவது மாதம் 20,000தான். மீதி 11,650 வீட்டுச் செலவிலிருந்து போகிறது, அதுவும் ஒரே சம்பளத்தில். ஒவ்வொரு பயணத்துக்கும் வட்டி மட்டும் ஏறக்குறைய 80,000. நான்கு பயணம் போனால் ஐந்தாவது பயணத்துக்கான பணம் வட்டியாகவே போயிருக்கும்.

இந்த ஆண்டு நீண்ட பயணம் வேண்டாம். கடினம்தான், பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். ஆனால் புதுக் கடன் வாங்காமல் இருந்தால், முதல் கடன் முடிந்ததும் தவணை 21,100 ஆகிவிடும், மூச்சு விடலாம். இரண்டாவதும் முடிந்தால் 10,550தான். அப்போது மாதம் 9,000க்கு மேல் சேரும், ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். அதற்குள் அடங்கும் பயணம் போங்கள்.

அடங்குமா என்று கேட்பீர்கள். பள்ளி விடுமுறையில்தான் கிளம்ப வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லையே! எல்லோரும் கிளம்பும் நாட்களில்தான் பயணக் கட்டணமும் அறை வாடகையும் ஏறுகின்றன. கூட்டமில்லாத மாதத்தில் போய், ஐந்து ஊர் சுற்றாமல் ஒரே ஊரில் மாத வாடகைக்குத் தங்கினால், ஒரு நாள் செலவு நன்றாகவே இறங்கும். பிள்ளைகளும் அந்த ஊரை உண்மையிலேயே தெரிந்துகொள்வார்கள்.

செய்முறைக் கல்விக்குத் தூரமும் அவசியமில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் நண்பகல் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். வடக்கிலோ தெற்கிலோ தொலைவில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு பேசிவைத்து, ஒரே நாளில் நண்பகலில் இரண்டு குச்சிகளின் நிழலை அளந்தால் உங்கள் பிள்ளைகளும் அதைக் கண்டுபிடிக்கலாம். கடன் அட்டவணையையும் 12 வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று அதுவே பிரித்துப் போடட்டும்.

அப்புறம், ஒரு செலவு உங்கள் கடிதத்திலேயே இல்லை. மூத்த பிள்ளை சில ஆண்டுகளில் தனித்தேர்வராகப் பொதுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும், அல்லது பள்ளிக்கே திரும்ப விரும்பலாம். தேர்வுக் கட்டணம், செய்முறைத் தேர்வு, சேர்க்கை என்று பணம் மொத்தமாகக் கேட்கும். அதைத் தனிக் கணக்கில் சேருங்கள். பயணத்துக்காக அதைத் தொடக் கூடாது.

விடுமுறை உறுப்பினர் திட்டம் வேண்டவே வேண்டாம். முன்பணம் போக ஆண்டு பராமரிப்புக் கட்டணம் உண்டு, போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். அது ஏறவும் செய்யும். வேண்டாம் என்று விற்கப் போனால் வாங்க ஆள் கிடைப்பது அரிது. 25 ஆண்டில் உங்கள் பிள்ளைகளுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். யாருடைய கல்விக்காக அந்தக் கட்டணம்?

ஒப்பந்தத்தில் ரத்து செய்வதற்கான காலக்கெடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பல இடங்களில் அது சில நாட்கள்தான். இருந்தால் தொலைபேசியில் சொல்லி விட்டுவிடாமல், எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.