மனக்காயங்களையும் அதிலிருந்து மீள்வதையும் பேசும் கொரியக் காதல் தொடர் ஒன்று சொல்லுங்கள். அது உங்களுக்கு ஏன் பிடித்தது?

என் பதில் ‘இட்ஸ் ஓகே டு நாட் பீ ஓகே’. 2020 ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 9 வரை கொரியாவின் டிவிஎன் சேனலில் சனி, ஞாயிறுகளில் வந்த தொடர். மொத்தம் 16 எபிசோடுகள். நெட்ஃப்ளிக்ஸ் வழியாக உலகம் முழுக்கப் போனது. எழுதியவர் ஜோ யோங், இயக்கியவர் பார்க் ஷின்-வூ. பொதுவாக இதைக் காதலுக்காகத்தான் பரிந்துரைப்பார்கள். நான் பரிந்துரைப்பது இதில் வரும் அண்ணன் தம்பிக்காக. கதையின் பெரும்பகுதியைச் சொல்லித்தான் காரணத்தை விளக்க முடியும். முழுக்கப் புதிதாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன் காங்-டே (கிம் சூ-ஹ்யுன்) மனநல மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர். அவனுடைய அண்ணன் சாங்-டே (ஓ ஜங்-சே) ஆட்டிசம் உள்ளவர். சிறுவயதில் தாயின் கொலையைக் கண்ணால் பார்த்தவர் அந்த அண்ணன். கொலையாளியோடு சேர்த்து ஒரு பட்டாம்பூச்சியும் அவர் நினைவில் பதிந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு வசந்தகாலமும் அவருக்குக் கெட்ட கனவு வரும். உடனே இருவரும் மூட்டை கட்டுவார்கள். வேறு ஊர், வேறு வேலை, வேறு வாடகை வீடு. இப்படி ஓடிக்கொண்டிருப்பவர்களின் வாழ்க்கையில் கோ மூன்-யங் (சோ யே-ஜி) என்ற குழந்தைக் கதை எழுத்தாளர் வந்து சேர்கிறார். புகழ் இருக்கிறது, பணம் இருக்கிறது. அடுத்தவர் வலி புரியாதவள் என்று ஊரே சொல்லும் பெண். மூவரும் தாங்கள் பிறந்து வளர்ந்த சோங்ஜின் என்ற கற்பனை ஊருக்குத் திரும்புகிறார்கள்.

இந்தத் தொடரில் என்னை உலுக்கியது ஒரே ஒரு வசனம். அண்ணனைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று சிறுவன் காங்-டேயை அம்மா அடிக்கிறாள். “அதுக்குத்தானே உன்னைப் பெத்தேன்” என்ற பொருளில் ஒன்று சொல்கிறாள். அவள் கெட்டவள் இல்லை. கணவன் இல்லாமல், ஆட்டிசம் உள்ள மகனை வைத்துக்கொண்டு, தனக்குப் பிறகு அவன் கதி என்ன என்று தினமும் பயந்துகொண்டிருக்கும் ஏழைத் தாய். ஆனால் அந்தச் சிறுவனுக்குத் தன் பிறப்பே வேறொருவருக்காக என்று ஆகிவிட்டது. முப்பது வயதிலும் அவன் அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் வாழ்கிறான்.

எனக்கும் ஆட்டிசம் உள்ள அண்ணன் இருக்கிறான். “எங்களுக்கப்புறம் நீதாம்மா அவனுக்கு” என்று உறவினர்கள் முன்னால் அம்மா சொல்லும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். அண்ணன் மேல் எனக்குப் பாசம் உண்டு, அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பாசத்துக்குள்ளேயே ஒரு களைப்பும், சில நேரம் கோபமும் இருக்கும் என்பதை எந்தச் சினிமாவும் இவ்வளவு நேராகச் சொல்லி நான் பார்த்ததில்லை. அண்ணன்மார், தங்கைமார் எல்லாம் திரையில் தியாகச் சுடர்களாகத்தான் வருவார்கள்.

இந்தத் தொடர் அப்படிச் செய்யவில்லை. சிறுவயதில் அண்ணன் உறைந்த ஆற்றில் பனி உடைந்து உள்ளே விழும்போது, காங்-டே ஒரு கணம் திரும்பி நடக்கிறான். பிறகு ஓடிவந்து காப்பாற்றுகிறான், அது வேறு. ஆனால் அந்த ஒரு கணத்தை அவன் இருபது வருடம் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனுக்கு நினைவிருக்காது என்று நம்பிக்கொண்டிருக்கிறான். ஒன்பதாவது எபிசோடு வாக்கில், தம்பி தன்னிடம் பொய் சொன்னது தெரிந்ததும் சாங்-டே மருத்துவமனையில் எல்லோர் முன்னாலும் கத்துகிறார். ஆற்றில் என்னைச் சாக விட்டுப் போனான் என்று. அவருக்கு எல்லாம் நினைவிருந்திருக்கிறது. கிம் சூ-ஹ்யுன் அந்த இடத்தில் அழும் அழுகையைப் பாருங்கள், அது நடிப்பாகவே தெரியாது. நல்ல பிள்ளை என்ற முகமூடி கிழிந்து, ஐந்து வயதுப் பையன் போல மன்னிப்புக் கேட்கிறான்.

ஓ ஜங்-சே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பாத்திரத்துக்காக 2021-இல் கொரியாவின் பெரிய திரை, தொலைக்காட்சி விருதுகளான பேக்சாங் விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது வாங்கினார். கண்ணைப் பார்க்காமல் பேசுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது என்று வெளி அடையாளங்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சாங்-டேக்கு ரோஷம் உண்டு, தந்திரம் உண்டு, எழுத்தாளர் கோ மூன்-யங் மேல் வெறித்தனமான ரசிக அபிமானம் உண்டு. கேம்பர் வேன் வாங்கப் பணம் சேர்க்கிறார், வேன் இருந்தால் ஒவ்வொரு முறையும் வீடு மாற்ற வேண்டாமே என்று. தம்பியின் முகத்தில் தெரிவது நிஜச் சிரிப்பா, பொய்ச் சிரிப்பா என்று முகபாவப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். என் அண்ணனும் என் முகத்தை உற்றுப் பார்ப்பான். அவன் எதைத் தேடுகிறான் என்று இந்தத் தொடருக்குப் பிறகுதான் யோசித்தேன்.

சரி, காதல். மூன்-யங் முதல் சில எபிசோடுகளில் பலருக்குப் பிடிக்காது, எனக்கும் சில காட்சிகளில் எரிச்சல் வந்தது. உடை மாற்றும் அறையில் அவள் காங்-டேயிடம் நடந்துகொள்ளும் விதத்துக்குக் கொரியாவிலேயே பார்வையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அது நியாயமான எதிர்ப்பு. ஆனால் அவள் தனக்கு வேண்டியதை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறவள். ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்றே பழகிப்போன ஒருவனுக்கு அப்படிப்பட்ட ஒருத்தி எதிரில் வந்து நிற்பதே அதிர்ச்சி வைத்தியம். ஒரு நோயாளியின் முன்னாள் கணவன் மூன்-யங்கை அறைந்துவிட, காங்-டே அவனைத் திருப்பி அடித்து வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்படுகிறான். அப்போது முகமெல்லாம் சிரிப்போடு அவளிடம் வந்து, எங்கேயாவது போகலாமா என்று கேட்பான் பாருங்கள். அந்தச் சிரிப்புதான் இவர்கள் காதலில் எனக்கு மிகவும் பிடித்த இடம், முத்தக் காட்சிகளை விட.

மூன்-யங்குக்குப் பதற்றம் வரும்போது அவன் கற்றுக்கொடுக்கும் ‘பட்டாம்பூச்சி அணைப்பு’ உண்மையான உத்தி. கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்து இடமும் வலமும் மாறி மாறி மெதுவாகத் தட்டிக்கொள்வது. 1997-இல் மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கிய பவுலினா சூறாவளியில் பிழைத்தவர்களோடு பணியாற்றியபோது லூசினா ஆர்டிகாஸ் என்ற மனநலச் சிகிச்சையாளர் உருவாக்கியது. அண்ணனைத் துரத்தும் பட்டாம்பூச்சியை வைத்தே தம்பி இன்னொருத்தியை ஆற்றுகிறான். கடைசியில் மருத்துவமனைச் சுவரில் ஓவியம் வரையும் சாங்-டே, பல வாரம் மறுத்துவிட்டு அந்தப் பட்டாம்பூச்சியையும் தன் கையாலேயே வரைகிறார்.

நோயாளிகளின் கிளைக்கதைகளும் வலுவானவை. தேர்தல் மேடையில் ஏறி, நான்தான் எம்.பி.யின் பைத்தியக்காரக் கடைசி மகன் என்று ஆடும் க்வோன் கி-டோ. வியட்நாம் போரிலிருந்து மீளாத முதியவர் கான் பில்-ஓங். 1964 முதல் 1973 வரை தென் கொரியா மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அந்தப் போருக்கு அனுப்பியது, அவர்களில் ஒருவர் இவர். பேருந்தில் போகும்போது வெளியே கேட்கும் கட்டுமானச் சத்தத்தில் அவர் போர்க்களத்துக்கே போய்விடுகிறார். எல்லோரும் திகைத்து நிற்க, சாங்-டேதான் தன் மேல்சட்டையைக் கழற்றி அவர் தலைமேல் போர்த்தித் தட்டிக்கொடுக்கிறார். பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர் என்றே எல்லோரும் நினைத்த மனிதர் இன்னொருவரைப் பார்த்துக்கொள்கிறார்.

குறை என்றால் கொலை மர்மம். கொலையாளி யார் என்று தெரியவரும் இடத்துக்குப் பிறகு தொடர் ஒரு சாதாரண த்ரில்லராகிறது, அதுவரை பொறுமையாகக் காயங்களைப் பிரித்துப் பார்த்த கை திடீரென்று அவசரப்படுகிறது. ஆனால் கடைசி எபிசோடு அதை ஈடுகட்டிவிடுகிறது. மூவரும் கேம்பர் வேனில் ஊர் சுற்றும்போது, நடுவழியில் சாங்-டே, நான் திரும்பிப் போகிறேன், படம் வரையும் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்கிறார். மூன் காங்-டே மூன் காங்-டேக்குத்தான் சொந்தம் என்று தம்பியை விடுவிப்பவரும் அண்ணன்தான். ‘நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று வளர்ந்த யாரும் அந்தக் காட்சியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. நான் அதை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும் அம்மா, அண்ணனுக்கு என்ன வேலை பிடிக்கும் என்று முதல்முறையாக என்னிடம் கேட்டாள்.

பார்ப்பதானால் நான்காவது எபிசோடு வரையாவது பொறுத்துப் பாருங்கள், மூன்-யங்கின் தனிமை அப்போதுதான் புரிய ஆரம்பிக்கும். தற்கொலை எண்ணம், குழந்தைகள் மீதான வன்முறை இரண்டும் கதையில் வருகின்றன, முதல் எபிசோடிலேயே உண்டு. இப்போது அப்படிப்பட்ட மனநிலையில் இருப்பவர்கள் தனியாக, ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். கூட ஒருவரை வைத்துக்கொண்டு, வாரம் இரண்டு எபிசோடு, கொரியாவில் ஒளிபரப்பான அதே வேகத்தில் பாருங்கள்.