இறங்காத விந்தகத்திற்குச் சத்து மாத்திரை கொடுக்கலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார்: 14 மாத மகனுக்கு வலது விந்தகம் விதைப்பைக்குள் இறங்கவில்லை, ஐந்து வயது வரை பொறுக்கலாம் என்கிறார் மாமனார், வெப்பத்தால் விந்துச் செல்களின் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பு) கெடும் என்று படித்ததால், அதற்கு ஏதேனும் மாத்திரை கொடுக்கலாமா?

மாத்திரை வேண்டாம், பொறுக்கவும் வேண்டாம்.

பருவமடையும் வரை விந்தகத்தில் ஒன்றும் நடப்பதில்லை என்ற எண்ணமே இந்தத் தாமதத்திற்குக் காரணம். பிறந்த சில மாதங்களில் ஹார்மோன்கள் சிறிது காலம் உயரும்போது, கருவிலேயே தோன்றிய கோனோசைட் எனும் தொடக்கநிலை விந்துச் செல்கள் விந்தகத்தின் நுண்குழல்களின் நடுவிலிருந்து ஓரச் சவ்வுக்கு நகர்ந்து, ஏறத்தாழ முதல் ஆண்டுக்குள் ஸ்பெர்மட்டோகோனியா எனும் மூலச் செல்களாக மாறுகின்றன. அப்போது அவற்றின் மைட்டோகாண்ட்ரியா பெரும்பாலும் உருண்டையாக, உட்கருவை ஒட்டியே இருக்கும். மூலச் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கை ஆக்சிஜன் தேவைப்படாத குளுக்கோஸ் சிதைவின் மூலமே பெறுகின்றன. ஆக்சிஜனைச் செலவிடும்போது உண்டாகும் வினைமிகு மூலக்கூறுகள் குறைவதால், அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேண்டிய டி.என்.ஏ.வுக்கு அது பாதுகாப்பும்கூட. பருவ வயதில் செல்கள் குன்றல் பிரிவுக்குள் (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு) நுழைந்த பிறகுதான், மைட்டோகாண்ட்ரியா அடர்த்தியான வடிவம் பெற்று, அவற்றுக்கு ஊட்டமளிக்கும் செர்டோலி செல்கள் தரும் லாக்டேட் எனும் எரிபொருளைக் கொண்டு ஆக்சிஜன் வழி ஆற்றலைப் பெருமளவில் உண்டாக்குகின்றன. முதிர்ந்த விந்தணுவில் அவை வாலின் தொடக்கப் பகுதியைச் சுருளாகச் சுற்றிக்கொள்கின்றன. ஆகவே, குழந்தையின் விந்தகத்தில் மாத்திரையால் முடுக்கிவிட வேண்டியது எதுவுமில்லை.

விதைப்பை உடலைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும். கவட்டிலோ வயிற்றிலோ தங்கிய விந்தகத்தில் கோனோசைட்டுகள் மூலச் செல்களாகும் மேற்சொன்ன முதல் மாற்றம் தடைப்பட்டு, மூலச் செல்களின் எண்ணிக்கை குறையத் தொடங்குகிறது. (வேலூர் வெயிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை; இங்கே பேசப்படுவது உடலின் உள்வெப்பம்.)

ஆறு மாதத்திற்குப் பிறகு விந்தகம் தானாக இறங்குவது அரிது. 18 மாதத்திற்குள் அறுவை சிகிச்சை செய்வதே பரிந்துரை. எனவே வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சி.எம்.சி.யிலோ குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரை இந்த மாதமே பாருங்கள். கையால் தொட்டுப் பார்ப்பதே முதன்மையான பரிசோதனை. ஸ்கேன் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். இடது விந்தகம் நன்றாக இருந்தால், பிற்காலத்தில் தந்தையாகும் வாய்ப்பு ஏறக்குறைய மற்றவர்களைப் போன்றதே. புற்றுநோய் அபாயம் மட்டும் சிகிச்சைக்குப் பிறகும் ஓரளவு எஞ்சியிருப்பதால், பருவமடைந்ததும் கட்டி ஏதேனும் தென்படுகிறதா என்று தானே தடவிப் பார்க்க மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வெந்நீரில் குளிக்கும்போது விந்தகம் பைக்குள் வந்துபோவதைக் கண்டிருந்தால், அதையும் மருத்துவரிடம் கூறுங்கள். அத்தகைய விந்தகத்திற்கு ஆண்டுதோறும் பரிசோதனை போதும்.