கேப் ரைபிள்: மருந்தளவும் குறியும் – கேள்வி பதில்

கேள்வி: 50 காலிபர் கேப் ரைபிள் (குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் போட்டு, கேப் என்ற சிறு வெடிமூடியால் பற்றவைக்கும் துப்பாக்கி) வாங்கியிருக்கிறேன். எத்தனை கிரெய்ன் கருமருந்து போட்டால் குறி தப்பாது?

பதில்: அதை உங்கள் குழல்தான் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் விதித்த உச்ச வரம்பை முதலில் பாருங்கள். அதற்குள் நின்று, வட்டக் குண்டுக்கு 50 கிரெய்னில் தொடங்கி ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் புதுத் தாள் மாட்டி ஐந்து குண்டு சுடுங்கள். துளைகள் நெருங்கி வரும், பிறகு மறுபடி சிதறும். நெருங்கியிருந்த அளவோடு நின்றுவிடுங்கள். இடையில் குண்டைச் சுற்றும் துணியையோ கேப்பையோ மாற்றினால் பட்ட பாடெல்லாம் வீண்.

இங்கே கிரெய்ன் என்பது கொள்ளளவு. அளவைக் குப்பியில் எடுத்தே ஊற்றுங்கள். குடுவையிலிருந்து நேரே குழலுக்குள் வேண்டாம். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ஒரு பொறி போதும், குடுவை கையிலேயே வெடிக்கும். இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது.

கேள்வி: சுட்ட பிறகு குண்டைச் சுற்றியிருந்த துணி கருகி ஓட்டையாகக் கிடக்கிறது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். குழல்வாய்க்கு முன்னால் விழும் அந்தத் துணியைப் பொறுக்கிப் பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. நல்ல துணி முழுதாக இருக்கும்: நடுவில் கறை, ஓரத்தில் கொஞ்சம் பிசிறு, அவ்வளவுதான். நடு கருகினால் துணி மெல்லியது, அல்லது மசகு போதவில்லை, அல்லது மருந்து அதிகம். புரிகளின் (குழலின் உட்சுவரில் சுழன்றோடும் பள்ளங்கள்) இடைவெளியிலேயே வரிசையாகக் கீறல் இருந்தால் புரியின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. புதுக் குழலில் இது சகஜம், சுடச் சுட மழுங்கும். குண்டை உள்ளே அழுத்தும்போதே துணி கிழிந்தால் குழல்வாய் விளிம்பைப் பாருங்கள்.

கணக்கும் எளிது. 0.490 அங்குலக் குண்டு, இரு பக்கமும் 0.015 அங்குலத் துணி: மொத்தம் 0.520. குழலோ 0.50. மிச்சத் துணி நசுங்கிப் புரிக்குள் புகுந்து குண்டைப் பிடிக்கிறது. நெருக்கமாக நெய்த பருத்தி அல்லது லினன் மட்டுமே வேண்டும். செயற்கை இழை உருகிக் குழலில் ஒட்டும். குண்டும் கலப்பில்லாத மெல்லிய ஈயமாக இருக்கட்டும்.

கேள்வி: நீளக் குண்டு மட்டும் கண்டபடி போகிறது. ஏன்?

பதில்: முறுக்கைப் பாருங்கள், அதாவது புரி ஒரு முழுச் சுற்று சுற்ற எடுக்கும் நீளத்தை. 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது வட்டக் குண்டுக்கான குழல். 28 என்றால் நீளக் குண்டுக்கானது. 48 இரண்டுக்கும் நடுவே சமரசம். பிரிட்டிஷ் படையின் 1853 மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் முறுக்கு 78 அங்குலம். அதன் குண்டு குட்டையானது, அடி குழிவானது. வெடிப்பில் அந்த அடி விரிந்து புரியைக் கவ்வியது. அதை வைத்து உங்கள் குழலை எடைபோடாதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு குண்டுக்கும் குழலைத் துடைக்க வேண்டுமா?

பதில்: ஆம். ஓர் ஈரத் துணி, ஓர் உலர் துணி.

மறுப்பு: நான் துடைப்பதே இல்லை. மசகு நன்றாக இருந்தால் துளைகள் ஒட்டியே விழுகின்றன.

பதில்: விழலாம். நீங்கள் குண்டை உள்ளே தள்ளும்போது மசகுத் துணியே துடைத்துவிடுகிறது. காற்றில் ஈரமிருந்தால் கசடு மென்மையாகவே இருக்கும். வறண்ட நாளில் சுட்டுப் பாருங்கள். சில குண்டுகளுக்குள் கசடு இறுகி, குண்டை இறக்கவே போராட வேண்டும். அப்போது குண்டு மருந்தைத் தொடாமல் பாதியில் நின்றால் குழல் உப்பும். அதனால்தான் குண்டை இறக்கும் கோலில், குண்டு மருந்தின் மேல் அமரும் அளவுக்கு ஒரு கோடு போடச் சொல்கிறேன்.

மறுப்பு: துடைத்தால் கசடு அடியில் சேர்ந்து, கேப் பொருத்தும் முனையான நிப்பிளின் வழியை அடைக்காதா?

பதில்: துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அடைக்கும். பிழிந்து, மூச்சுக் காற்றில் ஈரப்பட்டது போல இருந்தால் போதும். துடைப்பவரும் துடைக்காதவரும் வெல்லலாம். முதல் குண்டுக்கும் ஐந்தாவதுக்கும் குழல் ஒரே நிலையில் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

இன்னொருவர்: பெட்ரோலிய கிரீஸ் தடவினால்?

பதில்: கசடோடு சேர்ந்து தார் போலாகும். கொழுப்பும் தேன்மெழுகும் இருக்க அது எதற்கு?

கேள்வி: 45 காலிபருக்கு எத்தனை கிரெய்ன்?

பதில்: முதல் பதில். முறை அதேதான், தொடக்கம் மட்டும் குறைவு.

கேள்வி: கேப் வெடிக்கிறது, குண்டு போகவில்லை.

பதில்: முதலில் குழலை இலக்கை நோக்கியே ஒரு நிமிடமாவது பிடித்திருங்கள், தாமதமாகவும் வெடிக்கும். பெரும்பாலும் அடியில் தேங்கிய எண்ணெய்தான் காரணம். இனி மருந்து போடும் முன் வெறும் கேப் ஒன்றை வெடித்துப் பாருங்கள். குழல்வாய்க்கு எதிரே உள்ள புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது.

கேள்வி: 54 காலிபருக்கு?

பதில்: மேலே படியுங்கள் ஐயா.

கேள்வி: பத்தில் ஒரு பங்கு புகையில்லா மருந்து கலந்தால் கசடு குறையுமாமே?

பதில்: கசடு படியக் குழல் மிஞ்ச வேண்டுமே! கலக்காதீர்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்து மறுநாள் கழுவலாமா?

பதில்: அன்றே கழுவுங்கள். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். வெந்நீர், துணி, நன்றாக உலர்த்தல், மெல்லிய எண்ணெய், நிப்பிளையும் கழற்றுங்கள்.