வீட்டுக் கணக்கு: ஒரு கடிதம்

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மண்ணடியில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். குடியிருப்பது ராயபுரம். சம்பளம் 34,000. மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். மகள் இந்த வருஷம் பி.காம். சேர்ந்திருக்கிறாள். போன வருஷம் மகன் பிடிவாதம் பிடித்ததால் தவணையில் பைக் வாங்கிக் கொடுத்தேன். இப்போது பெட்ரோலுக்கு, போனுக்கு என்று தினமும் காசு கேட்கிறான். இல்லை என்றால் வாசலில் நின்றபடியே கத்துகிறான், நானும் கத்துகிறேன். பெற்றோரை 'சீ' என்றுகூடச் சொல்லக் கூடாது என்று குர்ஆன் சொல்கிறதே என்றேன். "அத மட்டும் சொல்லுங்க வாப்பா" என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். மகளும் லேப்டாப் கேட்டாள். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றதும் பேசாமல் இருந்துவிட்டாள், அவளால் தொல்லை இல்லை. மகனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

முதலில் மகளைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அவளைப் பற்றிய அந்த இரண்டு வரிதான்.

நபித்தோழர் நுஃமான் பின் பஷீர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய தந்தை பஷீர் அவருக்கு ஓர் அன்பளிப்பு கொடுத்தார். தாய் அம்ரா பின்த் ரவாஹா, அல்லாஹ்வின் தூதரைச் சாட்சியாக வைத்தால்தான் எனக்குச் சம்மதம் என்றுவிட்டார். தந்தை போய் நின்றபோது நபி (ஸல்) கேட்டது ஒரே கேள்வி: உன் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதேபோல் கொடுத்தாயா? இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சுங்கள், பிள்ளைகளிடையே நீதமாக நடங்கள் என்றார்கள். பஷீர் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டார். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கும் செய்தி இது.

தேவைக்கான செலவு பிள்ளைக்குப் பிள்ளை மாறும்தான். ஆனால் ராயபுரத்திலிருந்து கல்லூரிக்குப் போக பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. பைக் இல்லாமல் படிப்பு நின்றிருக்காது. பி.காம். படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப் படிப்புச் செலவு. கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளாதே, முழுக்க விரித்தும் விடாதே என்கிறது குர்ஆனின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் (17:29). நீங்கள் மகனுக்கு விரித்தீர்கள், மகளுக்குக் கட்டிக்கொண்டீர்கள். கத்துகிறவனுக்குக் கிடைக்கும், பேசாதவளுக்குக் கிடைக்காது என்பதை இரண்டு பிள்ளைகளுமே உங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மகன் கத்துவதை நிறுத்தாததற்கு எனக்குத் தெரிந்து இதுதான் காரணம்.

'சீ' வசனம் மகன் தானாக நினைத்துப் பார்க்க வேண்டியது. சண்டைக்கு நடுவில் தகப்பன் அதைக் கையிலெடுத்தால் பிள்ளையின் காதில் அது வசனமாக விழாது. குர்ஆன் சொல்லும் ஞானி லுக்மான் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையைப் பாருங்கள். குரலைத் தாழ்த்து, குரல்களில் வெறுக்கத்தக்கது கழுதையின் குரல் என்று கண்டிப்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த அறிவுரைக்குள் மூன்று முறை 'யா புனய்ய', என் அருமை மகனே, என்று கூப்பிட்டுவிடுகிறார்.

இன்னொன்று. உங்கள் வீட்டுச் சண்டை நின்றபடியே நடக்கிறது. கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்படியும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்பது நபிமொழி. அடுத்த தடவை அவன் வாசலில் நிற்கும்போது நீங்கள் உட்கார்ந்துவிடுங்கள். "இஷா தொழுகைக்கு அப்புறம் பேசலாம்பா" என்று மட்டும் சொல்லுங்கள், சொன்னபடி பேசவும் செய்யுங்கள்.

எப்படிப் பேசுவது? குர்ஆனிலேயே நீளமான வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது (2:282). சிறிதோ பெரிதோ, எழுதச் சலிக்காதீர்கள் என்கிறது. கடை முதலாளியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வைத்திருக்கிற உங்கள் வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறதா? உங்கள் சம்பளம் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா?

எனக்குப் பதினைந்து வயதில் சைக்கிள் வேண்டுமென்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். வாப்பா திட்டவில்லை. பாயை விரித்து உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றை என்னிடம் நீட்டி, "நான் சொல்றேன், நீ எழுது" என்றார். வாடகை, பால், நன்னியின் (பாட்டியின்) மருந்து என்று எழுதிக்கொண்டே வந்தேன். "வாப்பா பீடி" என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. நான் நிமிர்ந்து பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. அடுத்த மாதம் நான் எழுதியபோது அந்த வரியில் தொகை பாதியாகியிருந்தது. சைக்கிள் வர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் நான் நச்சரிக்கவில்லை, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எனக்கே தெரியும்.

கணக்கைத் திறந்தால் நம் பீடியும் வெளியே வரும் தம்பி. அதற்குத் தயாராக உட்காருங்கள். பைக் தவணையில் வட்டி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, சீக்கிரம் முடிக்க என்ன வழி என்று மகனிடமே கேளுங்கள். பெட்ரோல் செலவு இனி அவன் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் டியூஷன் எடுத்தால் அது வந்துவிடும். பிள்ளைகளின் உம்மாவும் கூட உட்காரட்டும். அவர் சொந்தக் காசு ஏதாவது வைத்திருந்தால் அதை இந்தக் கணக்கில் இழுக்காதீர்கள், அது அவருடையது.

நோட்டை மகள் எழுதட்டும். வாடகைக்கு அடுத்த வரியில் லேப்டாப்புக்கு மாதம் எவ்வளவு என்று நீங்களே தொகையைச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் என்று சொன்னது தவறு என்பதையும் மகன் காதுபடவே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.