அம்மாவின் முழங்காலுக்குக் காந்தப் பட்டை வாங்கலாமா?

சகோதரி, மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருக்கும் அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் தேய்மானம், காந்தப் பட்டையும் காந்த மெத்தையும் விற்க ஒருவர் வீட்டுக்கே வருகிறார், அம்மாவுக்குப் பேஸ்மேக்கரும் (இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சில் வைக்கும் கருவி) இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மெத்தை வேண்டவே வேண்டாம். வலுவான காந்தம் நெஞ்சுக்கு அருகில் வந்தால் பேஸ்மேக்கர் இயங்கும் முறையே மாறிவிடலாம், இதை அந்த விற்பனையாளர் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

ரத்தத்தில் உள்ள இரும்பைக் காந்தம் இழுக்கும் என்ற கதையையும் நம்பாதீர்கள், ஹீமோகுளோபின் இரும்பு ஆணி மாதிரி ஒட்டாது. 2004இல் பிரிட்டனில் 194 பேரிடம் நடந்த ஆய்வில் காந்த வளையல் போட்டவர்களுக்கு வலி கொஞ்சம் குறைந்தது உண்மைதான், ஆனால் அது காந்தத்தாலா நம்பிக்கையாலா என்று ஆய்வாளர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்புறம் 2009இல் யார்க் பல்கலைக்கழகத்தார் 45 பேருக்குக் காந்த வளையலையும் போலி வளையலையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் போலி வளையலைவிடக் காந்தம் மேலாக இல்லை.

ஆகவே பட்டையும் வேண்டாம், அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். நம் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிச் சில விநாடி பிடித்து இறக்கும் பயிற்சி தொடைத் தசையை வலுவாக்கும், முழங்காலுக்குச் சுமை குறையும். வலிக்கு மேலே பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல் பூசலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதய நோய் இருப்பதால் வலி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். காவடிக்கு நடக்க ஆசைப்படுகிறார் என்றீர்களே, கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள், பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.